அப்பாவுக்குக் கறுப்பு வெள்ளைப் பேய்ப்படங்கள்: எந்த டிஸ்க், எங்கே, எந்தப் பிளேயர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படங்களை மறுபடி பார்க்க ஆசைப்படுகிறார். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு சீடி வாங்கிப் போட்டால் படம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, இருட்டுக் காட்சி வந்தால் திரையே அணைந்த மாதிரி இருக்கிறது. அப்பாவுக்குத் தமிழ் வாசிக்க வரும், மலாய் நன்றாகப் புரியும், ஆங்கிலம் வராது. எந்தப் படம், எந்த டிஸ்க், எங்கே கிடைக்கும், என்ன பிளேயர் வேண்டும் என்பது கேள்வி.

தம்பி, உங்கள் சீடியில் கோளாறு ஒன்றும் இல்லை. அந்த வகை டிஸ்க்கால் அவ்வளவுதான் முடியும். அது விசிடி, அதாவது சீடியில் படத்தைப் பதிகிற முறை, 1993இல் வந்தது. ஒரு டிஸ்க்கில் 74 நிமிடம்தான் கொள்ளும், அதனால்தான் ஒரு படம் இரண்டு மூன்று டிஸ்க்காக வருகிறது. படத்தின் அளவு 352க்கு 288 புள்ளி, அதாவது சுமார் ஒரு லட்சம் புள்ளி. டிவிடியில் அதுவே நான்கு லட்சத்துக்கு மேல். ப்ளூ-ரேயில் இருபது லட்சத்துக்கு மேல். அந்த ஒரு லட்சம் புள்ளியை இன்றைய பெரிய எல்இடி டிவி முழுத்திரைக்கு இழுத்துக் காட்டுகிறது. கட்டம் தெரியாமல் என்ன செய்யும்?

இதில் கறுப்பு வெள்ளைப் படத்துக்குத்தான் அடி அதிகம். வண்ணப்படத்தில் சிவப்புச் சேலை கொஞ்சம் மங்கினாலும் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். கறுப்பு வெள்ளையில் கண்ணுக்குக் கிடைப்பது சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கம் மட்டுமே. சுவரும் திரைச்சீலையும் அதன் பின்னால் நிற்கும் உருவமும் மூன்று வெவ்வேறு சாம்பல். டிஸ்க் மட்டமானது என்றால் மூன்றும் ஒரே கறுப்பாகிவிடும். பேய்ப்படம் எடுத்தவர்கள் பேயை ஒளித்து வைத்ததே அந்த மூன்றாவது சாம்பலில்தான். அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் இதைத்தான் முதலில் சொல்வேன்: படத்தின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், எந்தப் பிரதியிலிருந்து எடுத்த டிஸ்க் என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1961இல் ஜாக் கிளேட்டன் எடுத்த ‘தி இன்னொசென்ட்ஸ்’. பெரிய பங்களாவில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஆசிரியையாக டெபோரா கெர். பட்டப்பகல். குளக்கரையில் சின்னப் பெண் விளையாடிக்கொண்டிருக்கிறாள். ஆசிரியை நிமிர்ந்து பார்க்கிறாள். அக்கரையில், நாணலுக்கு நடுவே, கறுப்பு உடையில் ஒரு பெண் சும்மா நிற்கிறாள். கத்தல் இல்லை, ஓடிவருவதில்லை. தூரத்தில் நிற்கிறாள், அவ்வளவுதான். நல்ல ப்ளூ-ரேயில் அந்த உருவத்தின் தோளும் தலையும் நாணலிலிருந்து பிரிந்து தெரியும், முதுகுத்தண்டு சில்லென்று ஆகும். விசிடியில் நாணலோடு நாணலாக ஒரு கறை இருக்கும். ஆசிரியை ஏன் பயந்தாள் என்றே பார்க்கிறவருக்குத் தெரியாது. ‘இதிலே பேயே இல்லையே’ என்று அப்பா எழுந்து போய்விடுவார்.

அதே படத்தில் இன்னொன்று. ஒளிப்பதிவாளர் பிரெடி பிரான்சிஸ் அகலத்திரையின் இரண்டு ஓரங்களையும் இருட்டாக்குவதற்காக, கையால் தீட்டிய கண்ணாடி பில்டர்களைக் கேமராவில் வைத்து எடுத்தார். ஓரத்தில் ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் படம் முழுக்க விடாமல் தொடரும். பழைய டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டிய பிரதியை வாங்கினால் அந்த ஓரமே இருக்காது. டிஸ்க் அட்டையின் பின்பக்கத்தில் இந்தப் படத்துக்கு 2.35 என்று போட்டிருக்க வேண்டும், அதாவது படத்தின் அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு. 1.33 என்று இருந்தால் வெட்டிய பிரதி, வாங்காமல் வைத்துவிடுங்கள்.

சரி, படங்களுக்கு வருகிறேன். அப்பாவின் மொழியிலிருந்தே தொடங்குவோம்.

தமிழில் கறுப்பு வெள்ளைக் காலத்தில் அசல் பேய்ப்படம் குறைவு. பேய் வருகிற படம், பேய் மாதிரி வருகிற படம், மறுபிறவிப் படம் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நம் பெரியவர்கள் பேய்ப்படம் என்பார்கள். 1951இல் வந்த ‘மர்மயோகி’ முக்கியமானது. ஜூபிடர் பிக்சர்ஸ், கே. ராம்நாத் இயக்கம், எம்.ஜி.ஆர். கதாநாயகன். படத்தில் பேய் வருகிற காட்சிகளுக்காகவே தணிக்கைக் குழு ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தது. தமிழில் ‘ஏ’ வாங்கிய முதல் படம் இது. இன்று பார்த்தால் குழந்தையும் பயப்படாது, ஆனால் அரண்மனை இருட்டும் விளக்கொளியும் அழகாக எடுத்திருப்பார்கள். உங்கள் அப்பா வயதுக்காரர்கள் பெரும்பாலும் இதைப் பார்த்திருப்பார்கள்.

அடுத்து ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’, 1963. கல்யாண்குமார், தேவிகா. இடிந்த ஜமீன் மாளிகை, போன பிறவியின் நினைவு, தொண்டு கிழவராக நம்பியார். அந்தக் கிழவர் முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிற பிரதி கிடைத்தால் விடாதீர்கள். ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். அடுத்த வருடமே, 1964இல், இதே வின்சென்ட் மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ படத்தை இயக்கினார். வைக்கம் முகம்மது பஷீர் எழுதியது. பாழடைந்த வீட்டுக்குத் தனியாகக் குடிவருகிற ஓர் எழுத்தாளர், அந்த வீட்டில் இறந்துபோன பெண்ணோடு பேச ஆரம்பிக்கிறார். பயமுறுத்துவதைவிடக் கூடவே உட்கார்ந்து கதை கேட்கிற மாதிரியான படம். மலையாளம் என்று தயங்காதீர்கள். அப்பாவுக்கு முக்கால்வாசி புரியும், மீதியை இசையமைப்பாளர் பாபுராஜின் பாட்டு பார்த்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் நம் பக்கத்து மொழிகளில் வந்த கறுப்பு வெள்ளைப் பேய்ப்படங்களில் இதற்குத்தான் முதல் இடம்.

1966இல் வந்த ‘யார் நீ?’யையும் சேருங்கள், ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும். 1964இல் ராஜ் கோஸ்லா எடுத்த ‘வோ கௌன் தீ’ என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம் அது. இந்திப் படத்தின் தொடக்கம் டிஸ்க்கைச் சோதிக்க நல்ல இடம்: கொட்டும் மழை, இரவு, காரின் முன்கண்ணாடி, சாலை நடுவில் வெள்ளைச் சேலையில் சாதனா. நல்ல பிரதியில் மழைக்கோடு தனி, சேலை தனி, முகம் தனி. மட்டமான பிரதியில் வெள்ளையாக ஒரு திட்டு மட்டும் நகரும்.

இந்தியில் இன்னும் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. 1949இன் ‘மஹல்’, கமால் அம்ரோஹி இயக்கம், அசோக் குமார், மதுபாலா. ஜெர்மனியிலிருந்து வந்து பாம்பே டாக்கீஸிலேயே தங்கிவிட்ட ஜோசப் விர்ஷிங் ஒளிப்பதிவு. மாடிப்படி நிழலும் ஊஞ்சலும் அவர் கைவண்ணம். அதற்கு எடிட்டிங் செய்த பிமல் ராய்தான் பிற்பாடு 1958இல் ‘மதுமதி’யை இயக்கினார். திலீப் குமார், வைஜெயந்திமாலா. கதை ரித்விக் கட்டக். மழை இரவில் பழைய மாளிகைக்குள் ஒதுங்குகிறவனுக்கு எல்லாம் முன்பே பார்த்ததாகத் தோன்றும். மலைநாட்டு எஸ்டேட்டில் நடக்கிற கதை என்பதால் நம் ஆட்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும்.

இப்போது நம் நாட்டுக்கே வாருங்கள். அப்பாவுக்கு மலாய் புரியும் என்றீர்களே, அது பெரிய வசதி. அடியில் மொழிபெயர்ப்பு எழுத்து ஓடாமலே பார்க்கலாம். 1957 ஏப்ரலில், மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, நான்கு மாதம் இருக்கும்போது, சிங்கப்பூர் கேத்தே-கெரிஸ் நிறுவனம் ‘பொந்தியானாக்’ படத்தை வெளியிட்டது. பொந்தியானாக் என்றால் மலாய்க் கதைகளில் வரும் பெண்பேய், அந்த வேடத்தில் மரியா மெனாடோ. இயக்குநர் பி. என். ராவ், கேரளத்தில் பிறந்தவர். சிங்கப்பூருக்கு வருவதற்கு முன்னால் தமிழில் ‘ரம்பையின் காதல்’, ‘மதனகாமராஜன்’ படங்களை இயக்கியவரும் அவரே. ஆக, இந்த நாட்டு மக்களை அலற வைத்த முதல் பெரிய பேய்ப்படம் நம் தமிழ்ப்பட உலகிலிருந்து வந்தவர் கையால் ஆனது. இது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய செய்தி.

ஆனால் கவனம். அந்த 1957 படத்தின் பிரதி இன்று கிடையாது. அதே வருடம் வந்த இரண்டாம் பாகம் ‘டெண்டாம் பொந்தியானாக்’கும் போய்விட்டது. ‘ஒரிஜினல் 1957’ என்று சொல்லி யாராவது விற்றால் அது 1958இல் வந்த மூன்றாம் பாகம் ‘சும்பா பொந்தியானாக்’காகத்தான் இருக்கும். அதுவும் ராவ் எடுத்தது, அதுவும் மரியா மெனாடோ, தாராளமாக வாங்கலாம். முதல் படத்தின் விலையைக் கொடுத்து வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

1958இல் ஓராங் மிஞ்ஞாக் கதையை, அதாவது உடம்பெல்லாம் எண்ணெய் பூசி வரும் ஆளைப் பற்றிய மலாய்க் கதையை, சிங்கப்பூரின் இரண்டு ஸ்டூடியோவும் போட்டி போட்டு எடுத்தன. கேத்தே-கெரிஸில் ‘ஓராங் மிஞ்ஞாக்’ படத்தை எல். கிருஷ்ணன் இயக்கினார். சென்னையில் பிறந்தவர், 1950இல் ‘பக்தி’ படத்தில் மலாய் நடிகர் பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர். ஷா நிறுவனத்தில் ரம்லியே இயக்கி நடித்து ‘சும்பா ஓராங் மிஞ்ஞாக்’ எடுத்தார். கூன் முதுகுக்காரன் ஒருவன் அழகுக்காக வரம் வாங்கிக் கெட்டுப்போகிற கதை. ரம்லி என்றாலே சிரிப்புப் படம் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ரம்லி படங்களின் டிஸ்க் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் உங்களுக்குக் கையில் கிடைக்கக்கூடிய முதல் படமும் இதுவாக இருக்கலாம்.

ஆங்கிலப் படங்களில் ‘தி இன்னொசென்ட்ஸ்’ பற்றிச் சொல்லிவிட்டேன். 1963இல் ராபர்ட் வைஸ் எடுத்த ‘தி ஹாண்டிங்’ இன்னொரு மலை. படம் முழுக்கப் பேயைக் கண்ணில் காட்டவே மாட்டார்கள். இரண்டு பெண்கள் ஓர் அறையில் ஒடுங்கியிருக்க, வெளியே சுவரில் இடி விழுகிற மாதிரித் தட்டுகிற சத்தம் தாழ்வாரத்தில் நெருங்கி வரும். பிறகு ஒரு காட்சியில் கனமான மரக்கதவு உள்பக்கமாகப் புடைத்து மூச்சு விடும். சத்தத்திலேயே நடக்கிற படம் என்பதால், டிவியின் பின்பக்கச் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் பாதி போய்விடும். பழைய ஹைஃபை செட் வீட்டில் இருந்தால் இணைத்துவிடுங்கள். ரே மில்லண்ட் நடித்த 1944இன் ‘தி அன்இன்வைட்டட்’ கொஞ்சம் இலகுவானது. கடலோர வீடு, நிஜமான பேய், நடுவே கொஞ்சம் காதல். குடும்பமாக உட்கார்ந்து பார்க்கலாம்.

மொழி தடையாக இருக்கக்கூடாது என்றால் 1962இன் ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’. பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்த காரிலிருந்து ஒருத்தி மட்டும் கரையேறி வருகிறாள், அப்புறம் வெளுத்த முகத்து ஆள் ஒருவன் எங்கே போனாலும் தென்படுகிறான். வசனம் கொஞ்சம்தான், படம் முழுக்க ஆர்கன் இசை. கம்பெனிகளுக்கு விளக்கப்படம் எடுத்துக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி, மிகச் சின்னச் செலவில் எடுத்த ஒரே கதைப்படம். அந்த வெளுத்த முகக்காரரும் அவரே. அமெரிக்காவில் இதற்குப் பதிப்புரிமை இல்லாமல் போனதால் யார் வேண்டுமானாலும் டிஸ்க் போட்டார்கள். ஐந்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கிற பிரதிகளில் பல, தேய்ந்த பிலிமிலிருந்து எடுத்தவை. 2016இல் கிரைட்டீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் நிறுவனம் வெளியிட்ட ப்ளூ-ரேயைப் பார்த்தவர்கள் வேறு படம் பார்த்ததாகவே நினைப்பார்கள்.

ஜப்பானியப் படங்களையும் ஒதுக்காதீர்கள். மிசோகுச்சியின் ‘உகெட்சு’ (1953), கனெட்டோ ஷிண்டோவின் ‘குரோனேகோ’ (1968). குரோனேகோவில் போர்வீரர்களால் கொல்லப்பட்ட மாமியாரும் மருமகளும் பூனைப்பேயாக வந்து மூங்கில் காட்டில் ஆள் பிடிப்பார்கள். மாமியார் மருமகள் என்றதுமே நம் பெரியவர்கள் கதைக்குள் வந்துவிடுவார்கள். ஆனால் தொடக்கக் காட்சி கொடுமையானது, பெண்கள்மேல் நடக்கிற வன்முறை. நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ‘க்வைடான்’ என்ற படத்தைக் கறுப்பு வெள்ளை என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், அது வண்ணப்படம்.

இந்த வெளிநாட்டு டிஸ்க்குகளில் அடியில் தமிழ் மொழிபெயர்ப்பு எழுத்து வராது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வப்போது ஒரு வரி சொன்னால் போதும். நம் தோட்டங்களில் துரை பங்களாவைப் பற்றிப் பேய்க்கதை இல்லாத தோட்டம் உண்டா? பெரிய வீடு, நீண்ட வராந்தா, பூட்டிய அறை என்றால் அப்பாவுக்கே கதை தெரியும்.

இனி ரீஜன் விஷயம், அதாவது எந்த நாட்டு டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்கிற பூட்டு. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பணத்தை விட்டவர்கள் நிறையப் பேர். டிவிடியில் நம் நாடு ரீஜன் 3. அமெரிக்கா 1, பிரிட்டனும் ஜப்பானும் 2, ஆஸ்திரேலியா 4, இந்தியா 5. இந்தியாவிலிருந்து வரும் தமிழ் டிவிடிகளில் பெரும்பாலானவை எல்லா ரீஜனுக்கும் ஓடும், கவலை இல்லை. நம் ஊரில் விற்கிற மலிவுப் பிளேயர்களும் பெரும்பாலும் எல்லா டிவிடியையும் வாங்கிக்கொள்ளும்.

ப்ளூ-ரே கணக்கு வேறு. அங்கே மூன்றே ரீஜன்தான். நமக்கும் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் ஒரே எழுத்து, ‘ஏ’. பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா ‘பி’. இந்தியா, சீனா ‘சி’. அதனால் அமெரிக்காவில் கிரைட்டீரியன் வெளியிடுகிற ப்ளூ-ரே எதுவும் இங்கே விற்கிற சாதாரணப் பிளேயரிலேயே ஓடும். ‘தி இன்னொசென்ட்ஸ்’, ‘தி அன்இன்வைட்டட்’, ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’, ‘உகெட்சு’, ‘குரோனேகோ’ ஐந்தும் அவர்களிடம் உண்டு. லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் வரும்போது வாங்கி வரச் சொல்லலாம் என்று தோன்றும். வேண்டாம். பிரிட்டன் டிஸ்க் பெரும்பாலும் ‘பி’, இங்கே திறக்காது. டிவிடி பிளேயர் மாதிரி ப்ளூ-ரே பிளேயரை ரீஜன் மாற்றுவது சுலபமில்லை. 4கே டிஸ்க்குக்கு மட்டும் ரீஜனே கிடையாது, ஆனால் அதற்குத் தனிப் பிளேயர் வேண்டும்.

பிளேயர் வாங்குமுன் வீட்டில் பிள்ளைகளின் பிளேஸ்டேஷன் 4 அல்லது டிஸ்க் போடுகிற பிளேஸ்டேஷன் 5 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ப்ளூ-ரே பிளேயர் வீட்டிலேயே இருக்கிறது. விசிடி மட்டும் அதில் ஓடாது. மலாய்ப் படங்கள் பல விசிடியாகவே கிடைப்பதால், அதற்கென ஒரு மலிவு டிவிடி பிளேயரையும் வைத்துக்கொள்வது நல்லது. ப்ளூ-ரே பிளேயர் செய்கிற கம்பெனிகள் குறைந்துகொண்டே வருகின்றன, கடையில் கண்டால் தள்ளிப்போடாதீர்கள். கணினியில் போடுவதாக இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: டிவிடி டிரைவின் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும்.

தமிழ் டிஸ்க் எப்படிப் பார்த்து வாங்குவது? இங்கேதான் கண் வேண்டும். மூன்று படம் ஒரே டிஸ்க்கில் என்று விற்பார்கள். ஒரு சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி இடம். ஒரே படத்தை அதில் போட்டால் தாராளம். இரண்டரை மணிநேரப் படங்கள் மூன்றை அமுக்கினால் முதலில் பலியாவது இருட்டுக் காட்சி, நிழலெல்லாம் சதுரம் சதுரமாக உடையும். காதல் படத்துக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம், பேய்ப்படத்துக்கு ஆகாது. ஒரு டிஸ்க்கில் ஒரு படம் மட்டுமே வாங்குங்கள். பாட்டை வெட்டியிருக்கிறார்களா என்று அட்டையில் போட்டிருக்கிற நிமிடக் கணக்கைப் பாருங்கள். மூலையில் கம்பெனி முத்திரை படம் முழுக்க ஓடும் டிஸ்க்குகள் உண்டு. நம் படங்களுக்கு வேறு வழி இல்லாதபோது அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான், மனது வலிக்கும்.

அகலம் இன்னொரு தொல்லை. அறுபதுகளின் தமிழ்ப்படங்கள் கிட்டத்தட்ட சதுரமான திரைக்கு எடுத்தவை. புது டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் அதுதான் சரி. திரை நிரம்ப வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டிய டிஸ்க்குகளில் தலை உச்சி போய்விடும். டிஸ்க் சரியாக இருந்தும் ஆட்கள் குண்டாகத் தெரிந்தால் டிவி இழுத்துக் காட்டுகிறது, ரிமோட்டில் 4:3 என்று மாற்றுங்கள். ‘பால்’ (PAL) என்கிற டிவி முறைக்குச் செய்த டிவிடியில் படம் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓடும், நூறு நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். அப்பா பாட்டுக் கேட்டுப் பழகியவர் என்றால் சுசீலா குரல் கொஞ்சம் சுருதி ஏறியிருக்கிறதே என்று கண்டுபிடித்துவிடுவார்.

கடைகள் குறைந்துவிட்டன. சுங்கை சிப்புட் டவுனில் அலைவதைவிட ஈப்போ லிட்டில் இந்தியாவில் தேடுங்கள், ஞாயிறு காலை ஈப்போ பாசார் காராட் என்ற பழைய பொருள் சந்தைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பழைய டிஸ்க், இசைத்தட்டு, கேசட் எல்லாம் தரையில் விரித்திருப்பார்கள். கோலாலம்பூர் பக்கம் போனால் பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கிளானா சாலை, வார இறுதியில் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் சந்தை. பினாங்கில் லோரோங் கூலிட். டிஸ்க்கைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கம்பெனியில் அச்சடித்த டிஸ்க்கின் அடிப்பக்கம் வெள்ளியாக மினுக்கும். ஊதா சாயல் அடித்தால் வீட்டுக் கணினியில் எழுதியது, சில வருடத்தில் படிக்காமல் போகலாம். மலேசியாவில் முறையாக விற்ற டிஸ்க் அட்டையில் உள்நாட்டு வர்த்தக அமைச்சின் ஹோலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மேல்பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்து ஊசிமுனைப் புள்ளியாக வெளிச்சம் ஊடுருவினால் உள்தகடு அரித்திருக்கிறது, வாங்காதீர்கள்.

கிரைட்டீரியன் ப்ளூ-ரேக்களை இணையத்தில்தான் வாங்க வேண்டும். போட்ட விலை பெரும்பாலும் 39.95 அமெரிக்க டாலர். ஆனால் வருடாவருடம் ஜூலையிலும் நவம்பரிலும் அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்ட் நோபல் கடையில் பாதி விலைக்குப் போடுவார்கள். அதைப் பார்த்து மற்ற இணையக் கடைகளும் இறக்கும். நம் நாட்டுக்கு அனுப்புகிற கடையாகப் பார்த்து, ஒன்றொன்றாக வாங்காமல் சேர்த்து ஆர்டர் செய்யுங்கள், தபால் செலவுதான் கையைக் கடிக்கும். 2024 ஜனவரி 1 முதல் 500 ரிங்கிட்டுக்குள் வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் பொருளுக்கும் பத்து விழுக்காடு விற்பனை வரி உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள். ஷோப்பி, காரோசெல் இரண்டிலும் உள்ளூர்க்காரர்கள் பழைய டிஸ்க் விற்கிறார்கள். அடிப்பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் போடுங்கள்.

டிஸ்க் வந்ததும் டிவியைச் சரிசெய்யாமல் போடாதீர்கள். கடையிலிருந்து வந்தபடி டிவி ‘விவிட்’ என்று இருக்கும். அதில் வெள்ளை நீலம் பூத்துத் தெரியும், கறுப்பு அடைத்துக்கொள்ளும். ‘சினிமா’ அல்லது ‘பிலிம்மேக்கர்’ என்று மாற்றுங்கள், நிறவெப்பத்தை ‘வார்ம்’ ஆக்குங்கள். மின்சாரம் சேமிக்கிற அமைப்பை அணையுங்கள், அது இருட்டுக் காட்சியில் தானாகவே வெளிச்சத்தைக் குறைக்கும். அசைவை வழவழப்பாக்குகிற ‘ட்ரூமோஷன்’, ‘மோஷன்ஃப்ளோ’ போன்றவற்றையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 1961 படம் நேற்று எடுத்த நாடகம் மாதிரி ஓடும். பிறகு கூடத்து விளக்கை அணையுங்கள். பால்மரம் வெட்ட விடியுமுன் தலைவிளக்கோடு காட்டுக்குள் போனவருக்கு இருட்டு பழக்கமானதுதான், ஜன்னல் வழியாக வரும் தெருவிளக்குதான் இடைஞ்சல். திரைச்சீலை போடுங்கள்.

நம் ஊர் ஈரத்துக்கு டிஸ்க்கில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் உறையில் திணித்து அடுக்காமல் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. அழுக்கானால் தண்ணீரும் ஒரு துளி பாத்திர சோப்பும் போதும், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

முதலில் எதை வாங்குவது என்று கேட்டால், இந்த மாதம் ‘சும்பா ஓராங் மிஞ்ஞாக்’கும் ‘நெஞ்சம் மறப்பதில்லை’யும். இரண்டும் உள்ளூரிலேயே தேடிப் பார்க்கலாம், அப்பாவுக்கு மொழிச் சிக்கல் இல்லை. தள்ளுபடி வரும்போது ‘தி இன்னொசென்ட்ஸ்’, ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’. அப்பாவிடம் பழைய வீடியோ டேப்புகள் இருக்கின்றனவா என்றும் விசாரியுங்கள். இப்போது எங்கேயும் கிடைக்காத பிரதி அதில் இருக்கலாம். டேப்பின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுருளின் விளிம்பில் வெள்ளைத்தூள் மாதிரி பூஞ்சை தெரிந்தால் அப்படியே பிளேயரில் போட்டுவிடாதீர்கள். டேப்பும் கிழியும், பிளேயர் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுகிற டேப்புக்கும் ஒட்டிக்கொள்ளும். தனியாக ஒரு பையில் கட்டி வைத்து, டேப்பைச் சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றித் தருகிறவர்களிடம் கொடுங்கள்.